சந்தையின் ஊடே செல்லும் வழி

உலகத் தொல்லைகளினின்று விலகினாலன்றி இறைவனை நெருங்குதல் இயலாது என்பர் பலர். கிறிஸ்தவ இலக்கியம் காட்டும் வழியோ வேறு.

ஆங்கிலேயச் சமயப் போதகர் ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட உருவகக் கதை, தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என வழங்குகின்றது. அதில் ஆண்டு முழுதும் ஓயாத மாயச் சந்தை ஒன்று உண்டு. நிலம், பதவி, பட்டம், இன்பம் யாவும் ஆங்கு விலைப்பொருள்கள். விண்ணகருக்குரிய பாதை அச்சந்தையின் ஊடேதான் செல்கின்றது. அதனைத் தவிர்க்க விரும்புவோன் உலகையே நீங்கவேண்டும். அவ்வழி வந்த யாத்திரிகர் இருவரும், தாம் கொள்வது உண்மை ஒன்றையே என்றனர். அதன்பொருட்டு ஒருவர் உயிரையும் இழந்தார்.

இக்கதையைத் தழுவி, 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தை 1894-இல் அளித்தவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900). நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்திற் பிறந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்றவர். பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழ் கற்பித்தவர். காப்பியத்தினிடையே தேவாரம் என்னும் பெயரால் இசைப்பாக்களையும் அவர் அமைத்தார். கதை நடந்துகொண்டிருக்கும்போதே இறைவனை நோக்கி வேண்டுதல் எழுகின்றது. யாத்திரை முடியும்வரை வழிபாடு காத்திருப்பதில்லை என்பது இவ்வமைப்பால் விளங்கும்.

எனவே, அலுவலிடையே ஒரு சிறு வேண்டுதலும், விலை பேச நில்லாது கடந்து செல்லும் உறுதியுமே இறைவனை அணுகுவார்க்கு வழித்துணையாம். வேலையெல்லாம் முடியட்டும், பின்னர்ச் செபிப்போம் என்றிருப்பவனுக்கு அச்சந்தை ஒருநாளும் கலைவதில்லை.