பொம்மைக் கார் போருக்குப் போகிறது!

குழந்தை விளையாடிச் சலித்துப்போன பொம்மைக் காரை என்ன செய்யலாம்? தூக்கி எறியலாம் என்பீர்கள். இங்கிலாந்தில் பலர் அதைத் துடைத்தெடுத்து, கூரைமேல் துப்பாக்கி பொருத்தி, மேஜைப் போருக்கு அனுப்புகிறார்கள். அனுப்புகிறவர்கள் சிறுவர்கள் அல்ல; ஆபீஸ் போய்ச் சம்பாதிக்கும் பெரியவர்கள்!

பொம்மைப் போர் அங்கே பழைய பொழுதுபோக்கு. நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913-ல் அதற்கென்றே விதிகள் வகுத்துப் புத்தகம் வெளியிட்டார். ஈயச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி, ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் சுட்டு வீழ்த்துவது அவர் முறை. பின்னால் வந்தவர்கள் பகடை உருட்டினார்கள். விளையாட்டு வளர்ந்தது, செலவும் வளர்ந்தது. இன்று ஒரு முழுப் படை திரட்ட நூற்றுக்கணக்கான பவுன் ஆகிவிடுவதும் உண்டு. சம்பளக்காரன் எங்கே போவான்?

2017-ல் அவனுக்கு வழி பிறந்தது. மைக் ஹட்சின்சன் எழுதி, ஆஸ்ப்ரே பதிப்பகம் வெளியிட்ட 'காஸ்லாண்ட்ஸ்' என்ற விதிப் புத்தகம், தனிப் பொம்மை எதுவும் வேண்டாம், 'மேட்ச்பாக்ஸ்', 'ஹாட் வீல்ஸ்' கார்களே போதும் என்றது.

மேட்ச்பாக்ஸ் பிறந்ததே ஒரு சுவையான கதை. தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் கொண்டுவரலாம் என்பது ஒரு பள்ளிக்கூடத்தின் கட்டளை. அங்கே படித்த தம் மகளுக்காக, லண்டன் லெஸ்னி கம்பெனியின் ஜாக் ஓடெல் சின்னஞ்சிறு ரோடு ரோலர் செய்து கொடுத்தார். 1953-ல் அந்த வரிசை கடைக்கு வந்தது. அமெரிக்க ஹாட் வீல்ஸ் 1968-ல் போட்டிக்கு வந்தது.

இனி வேலை. காரைக் கவிழ்த்தால் அடியில் ரிவெட் தெரியும். அதன் தலையை மட்டும் டிரில்லால் குடைந்தால் மேல்கூடு தனியே வந்துவிடும். உலோகத் தூள் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் தொடக் கூடாது. கண்ணாடி, இருக்கை முதலிய பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றிய பிறகே கூட்டைப் பெயின்ட் கரைப்பானில் போட வேண்டும். இல்லையேல் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கரையும்!

பிறகு குப்பைக்கூடைதான் உதிரிபாகக் கடை. தீர்ந்துபோன பேனா ரீஃபில், துப்பாக்கிக் குழாய். கொசுவலைத் துண்டு, ஜன்னல் கம்பி. உறிஞ்சு குழல், புகைபோக்கி. பிரைமர் அடித்து வர்ணம் பூசியபின், ஸ்பாஞ்சு நுனியில் பழுப்பும் ஆரஞ்சும் தொட்டு ஒற்றினால் அசல் துரு! ஓரங்களில் வெள்ளி வர்ணத்தை லேசாகத் தேய்த்தால், பெயின்ட் உரிந்து தகரம் தெரிவதுபோல் இருக்கும். அழகாகப் பூசுவதைவிட அசிங்கமாகப் பூசுவதுதான் இங்கே கைத்திறன்.

காரும் லாரியும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் வருவதைப் பார்த்து அளவுப் பித்தர்கள் முகம் சுளிப்பார்கள். ஆட்டக்காரர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை.

ஆட்டத்திலும் பட்ஜெட் உண்டு. ஆளுக்கு 50 'கேன்' என்றால், சாதாரண கார் 12 கேன், இயந்திரத் துப்பாக்கி 2 கேன். அதற்குள்தான் படை கட்ட வேண்டும். வளைவும் நேருமாக வெட்டிய அட்டையைக் காரின் முன்னால் வைத்து, அதன் மறுமுனைக்குக் காரை நகர்த்துவார்கள். கியர் கூடினால் ஒரே சுற்றில் அதிக முறை ஓடலாம், அபாயமும் கூடும். அபாயக் குறி ஆறு சேர்ந்தால் வண்டி நிலை தடுமாறும், உருண்டும் போகலாம்.

உண்மையாகவே மேஜையிலிருந்து விழுந்து அடிபட்டாலும் நஷ்டமில்லை. அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் துரு பூசிவிடுவார்கள்.