கைக்கு உயிரூட்டும் மடல்

உழைப்பவனுக்குக் கையே மூலதனம். வெள்ளவத்தையில் ஒரு காலத்தில் இயங்கிய நெசவாலையின் தொழிலாளரும், கொட்டாஞ்சேனை அச்சகங்களில் இயந்திரம் ஓட்டியவரும் இதனை நன்கறிந்திருந்தனர். பற்சக்கரத்தினுள் அகப்பட்ட கை, தோலும் தசையும் சிதைந்து, என்பும் தசைநாணும் வெளித்தெரிய மீண்டால், அதனை மறுபடியும் உழைக்கும் கையாக்குவது எங்ஙனம்?

தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டலாமே என்று தோன்றும். ஆனால் அத்தோலுக்குச் சொந்தக் குருதியோட்டம் இல்லை. அமர்ந்த இடத்திலிருந்தே அது உயிர் பெறவேண்டும். உறை நீங்கிய என்பும் தசைநாணும் அதற்கு உயிர் கொடா. ஆகவேதான் சத்திரசிகிச்சை வைத்தியர் மடலை நாடுகின்றார். தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் குருதிக் குழாய்களோடு சேர்த்துப் பெயர்த்தெடுத்த இழையமே மடல். கட்டுச்சோற்றோடு வரும் வழிப்போக்கனைப் போல, அது தனக்கு வேண்டியதைத் தானே கொண்டுவருகின்றது.

மடல் நமக்குப் புதிதன்று. கன்னத்துத் தோலால் மூக்கமைக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை கூறுகின்றது. கைக்கோ, 1972இல் மக்கிரகர், ஜாக்சன் என்னும் வைத்தியர் இருவர் கவட்டு மடலை விவரித்தனர். தொடை வயிற்றோடு சேருமிடத்து மடலைக் கையில் தைத்து, அடிப்பாகத்தை அறுக்காது விடுவர். ஏறத்தாழ மூன்று வாரத்தில் கையிலிருந்து புதுக் குழாய்கள் மடலுள் வளரும். பின்னரே அடி அறுக்கப்படும். அதுவரை கை அவ்விடம் விட்டு அகலலாகாது. உண்ணவும் உடுக்கவும் பிறர் துணையை எதிர்பார்த்துக் கிடக்கும் அந்நாட்கள் நோயாளிக்குப் பெருஞ் சோதனை.

இன்று நுணுக்குக்காட்டியின் உதவியால், ஒரு மில்லிமீற்றர் அளவான குழாய்களையும் தலைமயிரினும் நுண்ணிய இழைகொண்டு தைத்து, வேறிடத்து மடலை முற்றாகவே கைக்கு மாற்றுகின்றனர். கோயம்புத்தூர்க் கங்கா மருத்துவமனையில் வைத்தியர் எஸ். இராஜா சபாபதி 1991இல் தொடங்கிய பிரிவு இத்துறையில் உலகப் புகழ் பெற்றது. எனினும், நுண்சத்திரசிகிச்சைக்கு வசதியில்லாத இடங்களில் பழைய கவட்டு மடலே இன்றும் கை கொடுக்கின்றது.

மடல் பிழைத்தால் மட்டும் போதுமா? போதாது. அசையாத மூட்டு இறுகும். தசைநாண் சூழ்ந்த இழையத்தோடு ஒட்டிக்கொள்ளும். எனவே காயம் ஆறியபின் மாதக்கணக்காகப் பயிற்சி வேண்டும். வலிக்கு அஞ்சி அதனைக் கைவிடுவோர் பலர். அழகாக மூடப்பட்ட கையும் அவ்வாறு விறைத்துப் போவதுண்டு. வைத்தியரின் வேலை தையலோடு முடியலாம். நோயாளி தன் சட்டைப் பொத்தானைத் தானே பூட்டும் நாளிலேதான் சிகிச்சை முற்றுப்பெறுகின்றது.