மூன்று கிலோ கோலும் முப்பது கிலோ சூரையும்

சென்ற ஆண்டு விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த என் பழைய மாணவர் ஒருவர், தோளில் நீண்ட அலுமினியக் குழாய் ஒன்றை மாட்டிக்கொண்டு எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார். தொலைநோக்கியோ என்று எண்ணினேன். திறந்து பார்த்தால், நான்கு துண்டுகளாகக் கழற்றி வைத்த ஒரு தூண்டிற்கோல்!

"சார், இதை வைத்துச் சூரை பிடிக்கப் போய்த் தோற்றுவிட்டேன். எங்கே தப்பு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

அவருக்கு வேலை அமெரிக்காவில், பாஸ்டன் நகரில். அங்கிருந்து தென்கிழக்கே கேப் காட் என்ற நிலமுனை வளைந்த கை போலக் கடலுக்குள் நீண்டிருக்கிறது. கோடை முடிந்து குளிர் தொடங்கும் நாட்களில் நீலத்துடுப்புச் சூரைகள் அங்கே சிறுமீன் கூட்டங்களைத் துரத்திக்கொண்டு நீர்மட்டத்துக்கு வரும். படகில் போன இவருடைய தூண்டிலில் ஒரு சூரை மாட்டியது. முப்பது கிலோ இருக்கும் என்று படகுக்காரர் மதிப்பிட்டாராம். மாட்டிய மீன் நேராக ஓடியது. ரீலில் நூல் குறைந்துகொண்டே வந்தது. இவர் பயந்துபோய்ப் பிரேக்கை இறுக்கினார். அடுத்த நொடி நரம்பு அறுந்தது.

மாணவ நண்பர்களே, ஓடுகிற வண்டியை நிறுத்தப் பிரேக்கை அழுத்துகிறோம். ஓடுகிற மீனுக்கும் அதைத்தானே செய்ய வேண்டும்? அங்கேதான் சிக்கல் இருக்கிறது. முதலில் கருவியைப் பார்ப்போம்.

சாதாரணத் தூண்டிலை வீசும்போது, நுனியில் கட்டிய ஈயக்குண்டு பறந்து போகிறது. நூல் அதன் பின்னே இழுபட்டுப் போகிறது. இவர் கொண்டுவந்ததோ 'ஃப்ளை' தூண்டில். நாம் ஈத்தூண்டில் என்போம். இதில் குண்டே கிடையாது. முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி போலவோ சிறுமீன் போலவோ செய்த பொய் இரையை வெறுமனே வீசினால் இரண்டு முழம்கூடப் போகாது. ஆகவே எடையை நூலிலேயே வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூசிய தடித்த நூலைச் சாட்டைபோல் முன்னும் பின்னும் வீச, அந்த நூல் தன் உந்தத்தால் விரிந்து இரையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இந்த நூலுக்கு எண் உண்டு. அதன் முதல் 30 அடியின், அதாவது சுமார் 9 மீட்டரின் எடையைக் கொண்டு எண் தருகிறார்கள். ஆற்று மீனுக்குப் பயன்படும் 5-ஆம் எண் நூலில் அந்த எடை 9 கிராம். 12-ஆம் எண்ணில் ஏறக்குறைய 24.6 கிராம். கோலின் மேல் '12' என்று எழுதியிருந்தால் அது மீனின் எடையும் அன்று, கோல் தாங்கும் பளுவும் அன்று. 12-ஆம் எண் நூலை வீச ஏற்ற கோல் என்பதே பொருள். ஐந்து கிலோ அளவுள்ள சிறு சூரைகளுக்கு 10-ஆம் எண் போதும். இருபது முப்பது கிலோ மீன் என்றால் 12 முதல் 14 வரை வேண்டும். பெரிய இரையைக் கடற்காற்றில் வீச அந்த எடை தேவை. எண் ஏற ஏறக் கோலின் அடிப்பகுதியும் விறைப்பாகும்.

என் மாணவரின் கோலும் 12-ஆம் எண்தான். ஒரு பையில் மூன்று கிலோ மணல் கட்டி, நூலில் மாட்டி, "இதைத் தரையிலிருந்து தூக்கப்பா" என்றேன். கோல் வில்லாக வளைந்தது. பை எழும்பியது, ஆனால் அவர் முகம் சிவந்துவிட்டது. ஐந்து கிலோவை அவரால் தூக்கவே முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஆய்வுக்கூட உதவியாளர், "இதை வைத்தா முப்பது கிலோ மீன் பிடிக்கப் போனீங்க?" என்று சிரித்தார்.

சிரிக்க வேண்டியதில்லை. ஆர்க்கிமிடிஸை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மீனின் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிடச் சற்றே கூடுதல். ஆதலால் முப்பது கிலோ சூரைக்கு நீருக்குள் எடை மிகக் குறைவு. நூலை இழுப்பது அதன் எடை அன்று. வாலை அடித்து அது உண்டாக்கும் உந்துவிசை.

கை ஏன் அவ்வளவு வலித்தது? நெம்புகோல் தத்துவம்தான். கோலின் அடிமுனை வயிற்றில் ஊன்றியிருக்கிறது, அதுவே ஆதாரப்புள்ளி. மேல்கை அங்கிருந்து 0.4 மீட்டரில் பிடிக்கிறது. வளைந்த கோலின் நுனியிலிருந்து தொங்கும் நூல் ஆதாரப்புள்ளிக்குக் கிடையாக 1.2 மீட்டரில் இருக்கிறது. திருப்புத்திறன்களைச் சமப்படுத்தினால் 3 × 1.2 = கைவிசை × 0.4. கை தர வேண்டியது 9 கிலோ எடை விசை! மீனுக்கு மூன்று, மனிதனுக்கு ஒன்பது. 2.7 மீட்டர் கோல் வளையாமல் கிடையாக நின்றிருந்தால் கை தர வேண்டியது 20 கிலோவைத் தாண்டும். கடப்பாரை நமக்குச் சாதகமான நெம்புகோல். தூண்டிற்கோல் மீனுக்குச் சாதகமான நெம்புகோல்.

லட்சத்தீவுக் கூட்டத்தில் மினிக்காய்த் தீவினர் தலைமுறை தலைமுறையாகக் கோலும் குட்டை நூலும் கொண்டே சூரை பிடிக்கிறார்கள். நம் கடைகளில் கிடைக்கும் மாசிக் கருவாடு அந்தச் சூரையில் செய்வதுதான். அங்கே ரீல் கிடையாது, முள்ளில் எதிர்ச்செதிளும் கிடையாது. மீனும் சில கிலோதான். கை சிறிது அசைந்தால் கோலின் நுனி பெருந்தூரம் அசைகிறது. விசையில் இழந்ததை வேகத்தில் பெற்று, மீன் விழித்துக்கொள்ளும் முன் அதைப் படகுக்குள் எறிந்துவிடுகிறார்கள். முப்பது கிலோ மீனிடம் அந்த வித்தை செல்லாது.

ஆகவே பெருஞ்சூரைக்குக் கோல் தேர்ந்தெடுப்போர் 2.7 மீட்டரைவிடச் சற்றுக் குட்டையாக, அடிப்பகுதி விறைப்பாக, மேல்கை பிடிக்க இரண்டாவது பிடியுடன் இருப்பதைப் பார்க்கிறார்கள். மூங்கிலும் கண்ணாடி இழையும் இருந்த இடத்தை, 1973-இல் கரி இழைக் கோல்கள் வந்தபின் அவை பிடித்துக்கொண்டன. ஒரே எடைக்குக் கரி இழையின் விறைப்பு மிக அதிகம். மீனோடு போராடும்போது கோலைத் தாழ்வாகவே பிடிக்க வேண்டும். செங்குத்துக்கு மேல் தூக்கினால் வளைவெல்லாம் மெல்லிய நுனியில் சேர்ந்து, விலை உயர்ந்த கோல் படீரென்று முறியும்.

சரி, நரம்புக்கு வருவோம். இரைக்கு முன்னால் ஒரு மெல்லிய நைலான் துண்டு இருக்கிறது. 1939-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிப்படி, ஈத்தூண்டில் சாதனைகளுக்கு இத்துண்டின் வலிமை 20 பவுண்டு வகையை, அதாவது 10 கிலோவைத் தாண்டக்கூடாது. சாதனையில் நாட்டமில்லாதவர்கள் இதைவிடத் தடித்ததைக் கட்டலாம். என் மாணவர் கட்டியது 10 கிலோ நரம்பு. கோல் எவ்வளவு கனமானால் என்ன, சங்கிலியின் மெலிந்த கண்ணி இதுதான். இதிலும் சாதாரண முடிச்சுப் போட்டால் பாதி வலிமை போய்விடும். எனவே பிமினி முறுக்கு என்ற முடிச்சைக் கற்றுக்கொள்கிறார்கள். அதில் நரம்பின் வலிமை ஏறக்குறைய முழுதாக நிற்கிறது.

பிரேக்கை 10 கிலோவில் கால்பங்கு, அதாவது 2.5 கிலோவுக்கு அமைப்பது வழக்கம். என் மாணவரும் வில் தராசு வைத்து அப்படியே அமைத்திருந்தார். "பிறகு எப்படி சார் அறுந்தது?"

ரீலில் நூல் நிறைந்திருந்தபோது சுற்றின் விட்டம் 12 செ.மீ. பிரேக் தருவது மாறாத திருப்புத்திறன். நூலின் இழுவிசையை ஆரத்தால் பெருக்கினால் வருவது அது. நூல் ஓடி ஓடி விட்டம் 6 செ.மீ. ஆனால், ஆரம் பாதி. எனவே இழுவிசை இரட்டிப்பு! யாரும் தொடாமலே 2.5 கிலோ 5 கிலோவாகிவிட்டது.

அத்தோடு முடியவில்லை. நீருக்குள் கிடக்கும் நூலையும் மீன் இழுக்கிறதே! மீன் பக்கவாட்டில் திரும்பினால் நூல் தொட்டில்போல வளைந்து நீரைக் கிழித்துக்கொண்டு போகிறது. 0.4 மி.மீ. தடிமனுள்ள நூல் 100 மீட்டர், வினாடிக்கு ஒரே ஒரு மீட்டர் வேகத்தில் குறுக்காக இழுபட்டால் நீரின் தடை சுமார் 24 நியூட்டன், அதாவது கிட்டத்தட்ட 2.4 கிலோ. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு. இந்த விசை ரீலில் தெரியாது, கையிலும் தெரியாது. மீன் இருக்கும் முனையில், அந்த மெல்லிய நரம்பில்தான் சேருகிறது. ஐந்தும் இரண்டரையும் ஏழரை. அதற்குமேல் பயந்துபோய் ஒரு திருகு இறுக்கினார். அந்தத் திருகும் இப்போது இரட்டிப்பாகத்தானே வேலை செய்யும்?

ஆக, மீன் தொலைவுக்குப் போகப் போகப் பிரேக்கைத் தளர்த்த வேண்டும். இதைக் கேட்டதும் அவர் சிறிது நேரம் பேசவில்லை.

நல்ல ரீலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதும் இதிலிருந்தே வருகிறது. நடுக்குடம் அகன்ற ரீல் வாங்கினால், 12 செ.மீ. விட்டம் 9-க்கு மேல்தான் நிற்கும். இழுவிசை மூன்றில் ஒரு பங்குதான் கூடும். தடித்த வீசுநூலுக்குப் பின்னால் சுற்றும் முந்நூறு, நானூறு மீட்டர் நூல் மெல்லிய பாலிஎத்திலீன் இழையாக இருந்தால் இடமும் குறையும், நீரின் தடையும் குறையும். ஆனால் ஓடும்போது விரலை வைத்தால் கத்திபோல் அறுக்கும்.

ரீலின் பிரேக் தொடங்கும்போதும் ஓடும்போதும் ஒரே அளவாக இழுக்க வேண்டும். பாடத்தில் படித்த நிலை உராய்வு, இயக்க உராய்வைவிட அதிகம் அல்லவா? மட்டமான ரீலில் இந்த வேறுபாடு பெரிது. மீன் வெடுக்கென்று கிளம்பும் அந்தக் கணத்திலேயே நரம்பு போய்விடும். வெப்பமும் உண்டு. 25 நியூட்டன் விசையில் 200 மீட்டர் ஓடினால் செய்யப்பட்ட வேலை 5000 ஜூல். 300 கிராம் அலுமினிய ரீல் அதை முழுவதும் ஏற்றால், ஒரே ஓட்டத்தில் 18 டிகிரிக்கு மேல் சூடேறும். உராயும் தட்டுகள் இதைவிடச் சூடாகும். முன்பு கார்க் தட்டுகள் வைத்தார்கள்; இப்போது கரி இழைத் தட்டுகளும் வந்துவிட்டன. கைப்பிடியின் கதை வேறு. மீன் வினாடிக்கு 10 மீட்டர் ஓடினால், 12 செ.மீ. ரீல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,600 முறை சுற்றும். அதனுடன் சுற்றும் பிடியில் விரல் பட்டால்? என் மாணவர் சுண்டுவிரலின் தழும்பைக் காட்டினார்.

இவ்வளவு கனமான கருவி எதற்கு என்று கேட்கலாம். மீனுக்காகத்தான். சூரை நின்று மூச்சுவிட முடியாத மீன். வாயைத் திறந்து நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் நீர் பாயும். அதன் தசையோ சுற்றியுள்ள நீரைவிட வெப்பமானது. இதை 1835-இல் எழுதியவர் ஜான் டேவி என்ற மருத்துவர். வேதியியலறிஞர் ஹம்பிரி டேவியின் தம்பி. 1816 முதல் 1820 வரை இலங்கையில் படை மருத்துவராக இருந்தவர். தசையிலிருந்து திரும்பும் சூடான இரத்தமும் உள்ளே போகும் குளிர்ந்த இரத்தமும் நுண்குழாய்களில் எதிரெதிராக ஓடி வெப்பத்தைக் கைமாற்றிக்கொள்கின்றன. மெலிந்த கருவியில் ஒரு மணி, இரண்டு மணி என்று இழுத்தடித்தால் தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்து, விட்டுவிட்ட பிறகும் மீன் பிழைக்காமல் போகலாம். அறுத்துக்கொண்டு போனாலும் நூற்றுக்கணக்கான மீட்டர் நூலை வாலுக்குப் பின்னே இழுத்துத் திரிய நேரலாம். முப்பது கிலோ சூரைகளுக்கு நடுவே நூறு கிலோ சூரை தெரிந்தால், 12-ஆம் எண் கோலுடன் இருப்பவர் இரையை வீசாமலிருப்பதே முறை என்பது என் கருத்து. என் மாணவருக்கு இதில் முழு உடன்பாடு இல்லை.

ரீல் கணக்கை நீங்களே சோதிக்கலாம். பட்டம் விடும் நூல் சுற்றும் மர உருளை ஒன்றை நீண்ட போல்ட்டில் கோத்து, இருபுறமும் தோல் வாஷர் வைத்து, மரையைச் சற்றே இறுக்குங்கள். விட்டம் 8 செ.மீ. ஆகும்வரை நூல் சுற்றி, வில் தராசால் சீராக இழுத்து அளவைக் குறியுங்கள். பிறகு மரையைத் தொடாமல், விட்டம் 4 செ.மீ. ஆகும்வரை நூலை உருவிவிட்டு மீண்டும் இழுங்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதலில் 150 கிராம் காட்டிய தராசு, இரண்டாம் முறை 290 காட்டியது. விடுபட்ட அந்த 10 கிராம் எங்கே போனது என்று மாணவரும் நானும் மாலை வரை தேடினோம். தோல் வாஷர் சூடாகி வழுவழுப்பாகிவிட்டது என்பது அவர் கட்சி. தராசை நான் சாய்த்துப் பிடித்தேன் என்பது உதவியாளர் கட்சி.