சீனத்துக் கண்மணிகள்

பண்டைச் சீனத்தின் பெருமையைப் பேசுவோர் பட்டையும் பீங்கானையும் கூறுவர். கண்ணாடியைக் கூறுவோர் சிலரே. எனினும், கி. மு. 5ஆம் நூற்றாண்டு முதலாக அந்நாட்டுக் கல்லறைகளிற் காணப்படும் சிறு கண்ணாடி மணிகள், பிறநாட்டுப் பொருளொன்றைச் சீனர் எவ்வாறு தமதாக்கிக் கொண்டனர் என்பதைப் புலப்படுத்துகின்றன.

இம்மணிகளின் மேற்புறத்தில் வெள்ளையும் நீலமுமான வட்டங்கள் ஒன்றினுள் ஒன்றாய் அமைந்து, விழித்த கண்களைப் போலத் தோன்றும். மணி சூட்டினால் இளகியிருக்கையில், வேறுநிறக் கண்ணாடித் துளிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தே இவ்வுருவம் பெறப்பட்டது. சீனர் இதனைத் தும்பியின் கண் என்பர். மேற்காசியாவிலும் மத்தியதரைக் கடலோரங்களிலும் இத்தகைய மணிகள் முன்னரே வழங்கின. அவை கண்ணூறு தடுக்கும் காப்புகள் என்பது பலர் கருத்து. ஹூபெய் மாகாணத்தில் 1978இல் அகழப்பட்ட ஸெங் நாட்டுக் கோமகன் யீயின் கல்லறை ஏறத்தாழக் கி. மு. 433ஆம் ஆண்டிற்குரியது. அங்கு 173 கண்மணிகள் கிடைத்தன. ஆராயப்பட்டவற்றில் மேனாட்டு முறைப்படி சோடாவும் சுண்ணாம்பும் கலந்திருந்தன. ஆகவே, அவை மேற்றிசையிலிருந்து கைம்மாறி வந்தவை எனக் கொள்வது பொருத்தமாகும்.

பிற்பட்ட கல்லறைகளின் மணிகளும் கண்ணுக்கு அவை போன்றனவே. வேறுபாட்டைக் காட்டியது இரசாயனம். 1930களில் பெக், செலிக்மன் என்னும் ஆங்கில அறிஞர்கள் சீன மணிகளில் ஈயத்தோடு பேரியமும் மிகுந்திருத்தலை எடுத்துக்காட்டினர். (செலிக்மன், இலங்கை வேடரைப் பற்றி 1911இல் தம் மனைவியாரோடு நூல் வெளியிட்டவரே.) பேரியம் மிகுந்த கண்ணாடி அக்கால மேனாடுகளில் வழங்கியதன்று. கோலம் இரவல், கலவையோ சீனருடையது. இதனை வெறும் போலி என்று தள்ளுதல் நியாயமன்று.

பேரியம் கண்ணாடியை மங்கச் செய்யும். தெளிவை விரும்புவோர்க்கு இது குறையே. சீனரோ ஜேட் என்னும் மணிக்கல்லைப் பொன்னினும் மேலாக மதித்தவர். அக்கல்லின் மங்கிய ஒளியை இக்கண்ணாடியிற் கண்டனர். ஹூனான் மாகாணத்துச் சாங்ஷா நகரையடுத்த சூ நாட்டுக் கல்லறைகளில், நடுவே துளையுள்ள ஜேட் வட்டுக்களுக்கு ஈடாகக் கண்ணாடி வட்டுக்கள் வைக்கப்பட்டிருந்தன. ஹான் காலத்திற் கண்மணிகள் அருகின. ஆயினும், மண்ணினின்று வெளிப்பட்டுப் பறக்கும் சிள்வண்டின் உருவத்தை, மறுபிறப்பின் அடையாளமாக, இறந்தோர் நாவின்மீது வைக்கும் வழக்கு இருந்தது. அவ்வுருவங்களிற் பல ஜேட்டினால் ஆனவை. சில கண்ணாடியால் ஆனவை.