இரண்டு எண்ணில் ஒரு கடல்வழி

ஆன்லைன் வரைபடம் சாலை உள்ள ஊருக்குத்தான் வழி சொல்லும். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து நடுக்கடலில் உள்ள ஒரு பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத்திட்டுக்கு, போக வழி கேட்டால் கையை விரித்துவிடும். கோட்டை நாமே போட வேண்டியதுதான். கணினியில் கூகுள் மை மேப்ஸைத் திறந்து, திரும்ப வேண்டிய இடங்களிலெல்லாம் சொடுக்கிக்கொண்டே போனால் கோடு வளரும். முடிந்ததும் அதைக் கேஎம்எல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். கடலும் இல்லை, தீவும் இல்லை. வெறும் எழுத்தும் எண்ணும்தான். துறைமுகம் இருக்குமிடத்தில் 78.2167,8.75,0 என்று ஒரு வரி. நாம் வரைந்த வழி முழுவதும் இப்படிச் சில வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது. படத்தைப் பதிந்தால் அது திரையோடு நின்றுவிடும். எண்களோ எந்தக் கருவிக்கும் போகும். படகிலுள்ள பல ஜிபிஎஸ் கருவிகள் ஜிபிஎக்ஸ் என்ற வேறு வடிவத்தைக் கேட்கும். அதற்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கடலில் ஓர் இடத்தை இரண்டு கோடுகளால் பிடிப்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. கரையில் ஒரு கோபுரமும் அதன் பின்னால் ஒரு தேரி மணல்மேடும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் ஒரு கோடு. வேறு திசையில் அப்படியே இன்னொரு ஜோடி. இரண்டும் வெட்டுமிடம் பார். குமரிக் கரையில் இதைக் கணியம் என்பார்கள். முத்துச்சிப்பி விளைந்த தொளாயிரம் பார் போன்றவை நீருக்கடியில் கிடப்பவை. மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே நீலம்தான். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். செயற்கைக்கோள் வழிகாட்டிகள் புழக்கத்துக்கு வருமுன்பே அது நின்றுபோயிற்று.

எண்களிலும் கண்ணி உண்டு. படகுக் கருவியில் பெரும்பாலும் பாகையும் கலையுமாகவே (டிகிரி, மினிட்) காட்டும்: 8 பாகை 45 கலை. அட்சரேகையில் ஒரு கலை ஏறக்குறைய ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். கடலோடிகளுக்கு அது வசதி. கணினி கேட்பதோ தசமம். ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் 45 கலை என்றால் முக்கால் பாகை, 8.75. அதை அப்படியே 8.45 என்று தட்டிவிட்டால் புள்ளி 33 கிலோமீட்டர் தெற்கே, திருச்செந்தூரையும் தாண்டிப் போய் விழும்.

இன்னொன்று இதைவிட வேடிக்கை. நாம் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியவர்கள். கேஎம்எல் தீர்க்கரேகையை முதலில் எழுதும். இரண்டும் இடம் மாறிவிட்டால் தூத்துக்குடித் துறைமுகம் வட துருவத்தை நெருங்கி, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே குளிர்கடலில் மிதக்கும்! அதையாவது பார்த்த உடனே கண்டுபிடித்துவிடலாம். 33 கிலோமீட்டர் பிழைதான் ஆபத்து. அதுவும் மன்னார் வளைகுடாவாகவே தெரியும்.

தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. இரண்டோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டருக்குள் எங்கேயோ என்று பொருள். ஐந்து இருந்தால் ஒரு மீட்டர். மீன் கிடைக்கும் ஒரு நல்ல பாயிண்டைச் சொல்லச் சொன்னால் மீனவர் ஏன் தயங்குகிறார் என்பது இங்கே விளங்கும். ஐந்து இலக்கம் கைமாறினால் மீன்பிடியிடமே கைமாறிவிடும்.

கேஎம்எல் வரியின் கடைசியில் நிற்கும் அந்தச் சுழியம் உயரத்துக்கான இடம். மை மேப்ஸ் எல்லாவற்றையும் சுழியத்திலேயே வைக்கும். பாரின் ஆழம், அலைக்குக் கீழே பதுங்கியிருக்கும் பவளத்திட்டு எதுவும் கோப்பில் வராது. அதைப் படகில் இருக்கும் எக்கோ சவுண்டரும் கடற்படை நீர்நிலவரைவுத் துறையின் வரைபடங்களும்தான் சொல்லும்.