விண்மீனை நிறுக்கும் விதம்

தராசிலேற்ற இயலாத விண்மீனை நிறுப்பது எங்ஙனம்? துணையொன்று இருப்பின் இயலும்.

பேர்சியசுக் கூட்டத்திலுள்ள அல்கோல், 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கும். இவ்வொழுங்கை யோர்க் நகரத்துச் செவிப்புலனற்ற இளைஞர் ஜோன் குட்ரிக் 1782 முதல் நோக்கியறிந்து, ஏதோவொன்று குறுக்கிடுகின்றது போலும் என்றார். அப்போது அவருக்கு வயது 18! 1889 இல் போட்சுடாமில் வோகல் அதனை உறுதிப்படுத்தினார். விண்மீன் நம்மை நெருங்குங்கால் அதன் நிறமாலைக் கோடுகள் நீலப்பக்கமும், அகலுங்கால் செம்பக்கமும் பெயர்கின்றன. பெயர்ச்சி வேகத்தைத் தரும். வேகமும் காலமும் ஒழுக்கின் அளவைத் தரும். அதிலிருந்து, கெப்ளர் விதிப்படி, இரண்டின் மொத்தத் திணிவு கிடைக்கும். பொதுமையத்தைச் சுற்றுகையில் மெதுவாகச் செல்வதே கனமானது. ஒழுக்குச் சாய்ந்திருப்பின் வேகத்தில் ஒரு கூறே புலப்படும். ஆயின், ஒன்றையொன்று மறைப்பதால், ஏறக்குறைய விளிம்புப்புறமாகவே அதனைக் காண்கின்றோம் என்பது தெளிவு.

மங்கலான துணையின் கோடுகளோ 1978 இலேதான் அகப்பட்டன. அதன்பின்னரே கணக்கு நிறைவுற்றது: ஞாயிற்றின் திணிவைப்போல் ஒன்று ஏறத்தாழ 3.2 மடங்கு, மற்றது 0.7 மடங்கு. இங்கேதான் வியப்பு. கனத்த விண்மீனே விரைந்து மூப்படைதல் வேண்டும். இங்கோ இலேசானதே மூத்துப் பருத்திருக்கின்றது. முன்னர் கனத்திருந்த அது, பருத்தபோது தன் பொருளைப் பெருமளவு அயலானுக்குச் சொரிந்துவிட்டது.