குருதிக் காட்சியும் காண்போர் உள்ளமும்

திரைப்படங்களைக் குறித்து நம் சபைகளில் எச்சரிக்கை விடுக்கப்படும்போது, அது பெரும்பாலும் காமத்தைப் பற்றிய எச்சரிக்கையாகவே இருக்கிறது. மனித உடல் வெட்டப்படுவதையும் சிதைக்கப்படுவதையும் இரண்டு மணி நேரம் அமர்ந்து பார்ப்பதைப் பற்றி நாம் அத்துணை கவலை கொள்வதில்லை. அதிலும் கதை சரித்திரத்தைச் சார்ந்திருந்து, மார்பில் சிலுவைக் குறி தரித்த வீரன் ஒருவனும் அதில் வந்துவிட்டால், படம் பயனுள்ளது என்றே எண்ணிவிடுகிறோம். 2011 ஆம் ஆண்டில் வெளிவந்த "அயர்ன்கிளாட்" என்னும் ஆங்கிலப் படம் இவ்வகையைச் சேர்ந்தது. ஜோனதன் இங்கிலிஷ் என்பவர் இயக்கிய இப்படத்தைக் கொண்டு, வன்செயலைக் காண்போரின் உள்ளத்தில் நிகழ்வது யாது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதைக்களம் 1215 ஆம் ஆண்டின் இங்கிலாந்து. அவ்வாண்டு ஜூன் திங்களில் ஜான் மன்னன் பிரபுக்களின் வற்புறுத்தலுக்கு உட்பட்டு மகா சாசனத்துக்கு இசைந்தான். சில திங்களுக்குள் அதனை மறுதலித்துப் போர் தொடுத்தான். இலண்டனுக்கும் டோவர் துறைமுகத்துக்கும் இடையே, மெட்வே ஆற்றங்கரையில் உள்ள ரோச்சஸ்டர் கோட்டையைப் பிரபுக்களின் படையினர் கைப்பற்றினர். மன்னன் முற்றுகையிட்டான். படத்தில் ஏறத்தாழ இருபது பேரே கோட்டையைக் காக்கின்றனர். அவர்களுள் தலையாயவன் டெம்ப்ளர் துறவற வீரர் சபையைச் சேர்ந்த தாமஸ் என்னும் கற்பனைப் பாத்திரம்.

இதில் காட்டப்படும் கொடுமைகளை ஒவ்வொன்றாக விவரிக்க வேண்டியதில்லை. அவை எந்த வரிசையில் வைக்கப்பட்டுள்ளன என்பதே நாம் கவனிக்கத்தக்கது. தொடக்கத்திலேயே மன்னனின் ஆணையால் மடாதிபதி ஒருவரின் நாக்கு அறுக்கப்படுகிறது. காண்போர் முகம் சுளிக்கின்றனர். அது நியாயமான அருவருப்பே. ஆனால் அந்த அருவருப்பு அவ்விடத்தில் முடிந்துவிடுவதில்லை; கடன் பத்திரம்போல் உள்ளத்தில் எழுதி வைக்கப்படுகிறது. பின்னர் மன்னனின் ஆட்கள் மதிலேறும்போது அவர்கள் உடல் பிளக்கப்படுகிறது. காயம் முன்னதைவிடச் சிறியதன்று. எனினும் இம்முறை முகம் சுளிப்பாரில்லை. நிறைவு கொள்கின்றனர், சிலர் கைதட்டவும் செய்கின்றனர். கண்ணுக்குத் தெரிந்த காட்சி ஒன்றே. அதனை அனுபவிக்க உரிமை பெற்றுவிட்டோம் என்ற எண்ணமே இடையில் புதிதாக வந்தது.

அகுஸ்தீன் தம் "அறிக்கைகள்" நூலின் ஆறாம் புத்தகத்தில் தம் நண்பர் அலிப்பியுவைப் பற்றிக் கூறும் செய்தி இங்கு நினைவுகூரத்தக்கது. சட்டம் பயில உரோமைக்குச் சென்ற அலிப்பியு, வாட்போர் விளையாட்டுகளை வெறுத்தவர். நண்பர்கள் அவரை வலிந்து அரங்கிற்கு இழுத்துச் சென்றபோது, கண்களை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார். ஒருவன் வீழ்ந்தபோது கூட்டம் எழுப்பிய பேரொலி கேட்டுக் கண் திறந்தார். அதன்பின் கண்ணை மீட்க இயலவில்லை. மீண்டும் வந்தார், பிறரையும் அழைத்து வந்தார். அவர் தம் செவிகளையும் அடைத்திருக்கலாகாதா என்று அகுஸ்தீன் ஏங்குகிறார். கண்ணை மூடியவரை வென்றது ஒலி. இரும்பு எலும்பில் படும் ஓசையை இத்துணை அக்கறையுடன் பதிவு செய்யும் இன்றைய படக்கலைஞர் இதனை நன்கு அறிவர்.

இத்தகைய படங்களுக்காகப் பேசுவோர் பொதுவாகக் கூறும் நியாயம், "அக்காலம் அப்படித்தான் இருந்தது" என்பதாகும். இதில் உண்மை இல்லாமலில்லை. முற்றுகை ஏறத்தாழ ஏழு வாரம், அக்டோபர் 13 முதல் நவம்பர் 30 வரை நீடித்தது. உள்ளே இருந்தோர் தம் குதிரைகளையே தின்றனர். கோட்டையின் அடியில் சுரங்கம் தோண்டிய மன்னன், அதிலுள்ள மரத்தாங்கிகளை எரிப்பதற்கென்று, உண்பதற்கு ஏற்றதல்லாத கொழுத்த பன்றிகள் நாற்பதை விரைந்து அனுப்புமாறு ஹியூபர்ட் டி பர்க் என்னும் தலைமை அதிகாரிக்குக் கட்டளை எழுதினான். படத்தில் வரும் பன்றிகள் கற்பனை அல்ல. கோபுரத்தின் ஒரு மூலை சரிந்தது. பின்னர் அது வட்ட வடிவில் கட்டப்பட்டது. மற்றவை சதுரமாக நிற்க, அது மட்டும் இன்றும் வேறாகத் தெரிகிறது.

ஆனால் படம் சரித்திரத்தை விட்டு விலகும் இடங்களே நமக்கு அதிகம் கற்பிக்கின்றன. படத்தில் பிரபுக்களின் தலைவர் வில்லியம் டி ஆபினியின் கைகளும் கால்களும் வெட்டப்பட்டு, அவர் உடல் கவண்பொறியில் வைத்துக் கோபுரத்தின்மேல் எறியப்படுகிறது. உண்மையில் அவர் சிறைப்பட்டு, விடுவிக்கப்பட்டு, 1236 ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார். படத்தில் கோட்டை இறுதிவரை நிற்கிறது. உண்மையில் அது சரணடைந்தது. சரணடைந்தோர் அனைவரையும் தூக்கிலிட மன்னன் விரும்பினான் என்றும், சாவரி டி மொலியோன் என்னும் படைத்தலைவன் தடுத்தான் என்றும் அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியுள்ளார். நாளை நம்மவர் பிடிபட்டால் அவர்களும் இவ்வாறே தூக்கிலிடப்படுவார்களே என்பது அவன் வாதம். இது அன்பினால் பிறந்த இரக்கமன்று, கணக்குப் பார்த்த இரக்கமே. ஆயினும் கயிற்றுக்குத் தப்பிய கழுத்துக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றியிராது. தூக்கிலிடப்பட்டவன் ஒரே ஒரு வில்லாளன். சிறுவயது முதல் மன்னனாலேயே வளர்க்கப்பட்டவன். வரலாற்றிலிருந்த இந்த இரக்கத்தைப் படம் நீக்கிவிட்டது. தீட்டிவைத்த கடனை வசூலிக்கக் காத்திருப்போருக்கு இரக்கம் ஏமாற்றமாகவே முடியும் அல்லவா?

கை கால்கள் வெட்டப்பட்டதும் முற்றும் கற்பனையன்று. உணவு அற்றுப்போன நிலையில், போரிட வலுவற்றோரைக் கோட்டையில் இருந்தோரே வெளியேற்றினர் என்றும், அவர்களுள் சிலருடைய கைகால்களை மன்னனின் ஆட்கள் வெட்டினர் என்றும் பார்ன்வெல் மடத்து வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. அவர்கள் பெயர் எவருக்கும் தெரியாது. தம்மவராலேயே கைவிடப்பட்டு, பகைவர் கையில் சிக்கிய அவ்வெளியோரின் காயத்தைப் படம் எடுத்து, ஒரு பிரபுவுக்கு வீரப்பதக்கமாகச் சூட்டிவிட்டது. கோட்டையில் இருந்தோரும் குற்றவாளிகள் என்று காட்டினால் கைதட்ட இயலாது.

பகைவர் எவ்வாறு படைக்கப்பட்டுள்ளனர் என்பதும் நோக்கத்தக்கது. தம் நாட்டில் கிறிஸ்தவ ஊழியர் நுழையாதிருக்க மன்னனுக்காகப் போரிடும் டேனிய அஞ்ஞானிகளாக அவர்கள் வருகின்றனர். டென்மார்க்கு அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கிறிஸ்தவத்தை ஏற்றிருந்தது. ஜான் மன்னனின் கூலிப்படையினரோ பிளாண்டர்ஸ் போன்ற கிறிஸ்தவப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோ பெர்னார்டு டெம்ப்ளர்களைப் புகழ்ந்து எழுதிய நூலில், தீயோனைக் கொல்லும் வீரன் மனிதனைக் கொன்றவனாகான், தீமையையே கொன்றவனாவான் என்ற கருத்தை முன்வைத்தார். அந்நூலை ஒருபோதும் படித்திராத பார்வையாளர், இருக்கையில் அமர்ந்தவாறே அதன் சீடராகிவிடுகிறார். திரையில் வீழ்வது அவருக்கு மனிதனன்று.

இதில் திருச்சபையின் பங்கை மறைக்கலாகாது. அந்தக் கோபுரத்தை எழுப்பியவரே கான்டர்பரிப் பேராயர் ஒருவர். முற்றுகையின்போது கோட்டையின் மேலுரிமை பேராயர் ஸ்டீபன் லாங்டனிடம் இருந்தது. நம் திருமறையின் அதிகாரப் பகுப்பு இவரோடு இணைத்துக் கூறப்படுகிறது. மன்னன் பக்கம் போப்பாண்டவர் மூன்றாம் இன்னொசென்ட் நின்றார். சாசனத்தை இரத்து செய்தவரும் லாங்டனைப் பதவிநிறுத்தம் செய்தவரும் அவரே. முற்றுகை உச்சத்திலிருந்த அதே நவம்பரில், அவர் கூட்டிய நான்காம் லாத்தரன் சங்கம் உரோமையில் கூடியது. குருக்கள் இரத்தம் சிந்தும் தீர்ப்பு வழங்கலாகாது, கூலிப்படைக்கோ வில்லாளருக்கோ தலைமை தாங்கலாகாது என்று அதன் பதினெட்டாம் விதி தடுத்தது. விதி நல்லதே. குருவின் கை தூய்மையாயிருத்தல் வேண்டும் என்றது. கையை மட்டும் கூறி நிற்கவில்லை; இரத்தம் சிந்தும் தண்டனை நிறைவேற்றப்படும் இடத்தில் குரு இருத்தலும் ஆகாது என்று கண்ணையும் காத்தது.

லூக்கா நற்செய்தி 23ஆம் அதிகாரம் 48ஆம் வசனத்தில், சிலுவைப் பாடு ஒரு "காட்சி" எனப்படுகிறது. மூலத்தில் உள்ள "தெயோரியா" என்னும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வருவதில்லை. மக்கள் அதைப் பார்க்கவே கூடிவந்திருந்தனர். மார்பில் அடித்துக்கொண்டு திரும்பினர். வந்ததும் திரும்பியதும் ஒரே கூட்டம். இடையில் கண்டது என்ன என்பதை லூக்கா விரித்துரைக்கவில்லை. ஆணிகளைப் பற்றியோ காயத்தின் ஆழத்தைப் பற்றியோ நான்கு சுவிசேடகரும் காட்டும் அடக்கம் வியப்புக்குரியது.

வாலிபர் கூட்டங்களில் இத்தகைய படத்தைக் காட்டவே கூடாது என்று கூறுவது எளிது. தடுத்தால் அவர்கள் அதனைக் கைபேசியில் தனியே பார்ப்பர். காட்ட நேர்ந்தால், ஆபினி எறியப்படும் இடத்தில் படத்தை நிறுத்தி, கோட்டையிலிருந்து துரத்தப்பட்டோரின் செய்தியைப் போதகர் சொல்லலாம். சொல்லிவிட்டு, மீதியைப் பார்க்க வேண்டுமா என்று அவர்களையே கேட்கலாம்.